மருந்தால் வரும் சர்க்கரை நோயும் குறியீடும்

நோய் தீர்க்கும் மருந்தே சில வேளைகளில் வேறொரு நோய்க்குக் காரணமாவதுண்டு. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் தரப்படும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் இன்சுலினின் ஆற்றலைக் குறைத்து, இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுகின்றன. நாளடைவில் கண்ணும் கெடுகிறது. மாட்டுத்தாவணியில் இறங்கி, 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் செல்வோரிடையே சர்க்கரையால் பார்வை மங்கியோரும் உளர்.

இதனைப் பதிவது எங்ஙனம்? அமெரிக்க மருத்துவமனைகளுக்காக நம் பட்டதாரிகள் பலர் கையாளும் ஐ.சி.டி.-10-சி.எம். முறையை நோக்குவோம். மருந்தால் வந்த சர்க்கரை நோய் இ09. அதனுடன் கண்புரை சேரின் இ09.36. அடுத்து ஸ்டீராய்டின் பக்கவிளைவைச் சுட்டும் டி38.0எக்ஸ்5 வரும். சர்க்கரை கூடாமலே ஸ்டீராய்டு நேராக உண்டாக்கும் புரைக்கோ எச்26.3 என்னும் தனிப்பிரிவு உண்டு.

மருத்துவர் வகை குறிப்பிடாவிடில், இரண்டாம் வகையாகிய இ11 என்றே கொள்ள வேண்டுமென்பது விதி. அப்போது மருந்தின் பெயரே ஏட்டிலிருந்து மறைந்துவிடுகிறது. எம்முறையாயினும், மருத்துவர் எழுதாததைக் குறியீடு கூறாது. ஆகவே நம் வீட்டுப் பெரியோர் மருத்துவரிடம் செல்லுங்கால், உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் கொடுத்தனுப்புவது எழுத்தறிந்த நம் கடமை என்பேன்.