ஒரே பாதையில் சைக்கிளும் மின்ஸ்கூட்டரும்

சிங்கப்பூரில் 2019 நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர் நடைபாதையில் ஓடக்கூடாது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. சாலையில் ஏறவும் அனுமதி கிடையாது. அதை ஓட்டுபவர்களுக்கு மிச்சமிருப்பது சைக்கிளோட்டப் பாதையும் பூங்கா இணைப்புப் பாதையும்தான். தெம்பனிஸிலிருந்து பிடோக் நீர்த்தேக்கம் பக்கமாக சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் எனக்கும் அதே பாதைதான். இருவருக்கும் உச்சவேகம் ஒன்றே, மணிக்கு 25 கிலோமீட்டர். வண்டிகளின் குணம்தான் வேறு. அது பிடிபட்டால் பாதி உரசல் தானே ஓய்ந்துவிடும்.

முதலில் சக்கரத்தைக் கவனியுங்கள். பல மின்ஸ்கூட்டர்களின் சக்கரம் ஒரு சாண் அளவுதான். தூங்குமூஞ்சி மரத்தின் வேர் தரையைத் தூக்கிவிட்ட இடத்தில் என் சைக்கிள் ஏறி இறங்கிவிடும். மின்ஸ்கூட்டர்காரர் சட்டென்று ஒதுங்குவார், ஒதுங்காவிட்டால் விழுவார். அதனால் அவரைப் பார்ப்பதைவிட அவருக்கு முன்னால் கிடக்கும் தரையைப் பார்ப்பேன். மேடோ, ஈர இலையோ, இரும்பு மூடியோ தெரிந்தால் அந்த இடத்தில் முந்துவதில்லை.

அவர் கை காட்டவில்லை என்று கோபப்படாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் வேகத்தைக் கூட்டும் விசை வலது கட்டைவிரலடியில் இருக்கிறது. கையை எடுத்தால் வேகம் விழும், கைப்பிடி ஆடும். தோளைப் பாருங்கள், திரும்பப் போகிறவரின் தோள் முன்கூட்டியே திரும்பிவிடும். நமக்குக் கை காட்டுவது சுலபம், நாம் காட்டிவிடலாம்.

ஏற்றத்தில் நாம் மூச்சுவாங்குவோம், மோட்டாருக்கு அந்தக் கஷ்டமில்லை. பெடலில் எழுந்து நின்று வலமும் இடமும் ஆடிக்கொண்டு ஏறினால் பின்னால் வருகிறவருக்குப் போக வழியிருக்காது. இடப்பக்கம் ஒட்டி நேராக ஏறுங்கள். சத்தமே இல்லாமல் வருவார் என்பதால், விலகுமுன் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

மணியைத் தூரத்திலேயே, ஒரே ஒருமுறை அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் ஆள் திடுக்கிட்டு எந்தப் பக்கம் பாய்வார் என்று சொல்லமுடியாது. அவர் இடப்பக்கம் ஒதுங்கியதும் வலப்பக்கமாக முந்திவிட்டு ஒரு 'தேங்க்ஸ்' சொன்னால் போதும்.

சுரங்கப்பாதை வளைவுகளில் முந்தவே வேண்டாம். எதிரெதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இருவருக்கிடையே நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் குறைகிறது. பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. பேருந்து நிறுத்தத்தின் பின்புறம், பள்ளி விடும் நேரம், நாயோடு நடப்பவர்கள் என்றால் நடக்கும் வேகத்துக்கே இறங்கிவிடுங்கள்.

மின்ஸ்கூட்டர்காரர்களுக்கு விதி தெரியாது என்று சைக்கிளோட்டிகள் அலுத்துக்கொள்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். உண்மை நேர்மாறு. 2022 ஜனவரி முதல் மின்ஸ்கூட்டர் ஓட்ட இணையவழி எழுத்துத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். வயது 16 ஆகியிருக்க வேண்டும், வண்டியையும் பதிவு செய்திருக்க வேண்டும். சாதாரண சைக்கிளுக்கு இதில் எதுவும் தேவையில்லை. தேர்வு எழுதாமல் பாதைக்கு வருகிறவர்கள் நாம்தான். ஆகவே விதிக் கையேட்டை முதலில் எடுத்துப் படிக்க வேண்டியவர்களும் நாமே.