அயோடினும் அச்சமும்

விடுதித் தோழர் ஒருவர் சென்ற திங்கள் கலங்கிய முகத்தோடு என் அறைக்கு வந்தார். அவருடைய அக்காவுக்குத் தைராய்டுச் சுரப்பி மிகையாகச் சுரக்கிறது. கதிரியக்க அயோடின் கொடுக்க மருத்துவர் நாள் குறித்திருந்தார். “மூன்று வயது மகளை அக்கா இனித் தூக்கவே கூடாதா?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விடையே இக்கட்டுரை.

இம்மருத்துவத்தை 1941-இல் பாஸ்டன் நகரில் தொடங்கி வைத்தவர் சால் ஹெர்ட்ஸ். உண்ணும் அயோடினைத் தைராய்டு தன்பால் இழுத்துக்கொள்ளும். அயோடின்-131 வீசும் பீட்டாக் கதிர் ஓரிரு மில்லிமீட்டரே செல்வதால், அழிவு பெரும்பாலும் அச்சுரப்பியோடு நின்றுவிடுகிறது. உடலுக்கு வெளியே வருவது காமாக் கதிர். சில நாள் விலகியிருக்கச் சொல்வது அதற்காகவே.

அந்த விலக்கு நிலையானதன்று. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். 16-இல் கால், 24-இல் அரைக்கால், 32-இல் வீசம். சிறுநீர் வழியாகவும் வெளியேறுவதால் உடலில் இன்னும் விரைவாகக் குறையும்.

பக்க விளைவுகள் இல்லாமலில்லை. கழுத்து நோவும் வாய் வறட்சியும் சிலருக்கு வரும். பின்னர்ச் சுரப்பு குன்றினால் நாள்தோறும் தைராக்சின் மாத்திரை வேண்டும். கருவுற்றோருக்கு இம்மருந்து ஆகாது; தாய்ப்பால் கொடுப்போர் முன்னரே நிறுத்திவிட வேண்டும். இவற்றையெல்லாம் மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேட்க வேண்டும், நண்பர்களே!

அக்கா மருந்து உண்டுவிட்டார். மருத்துவர் சொன்ன நாட்களைக் காலண்டரில் அடித்துக்கொண்டே வந்தார். நேற்றுத் தோழருக்கு ஒரு புகைப்படம் வந்தது. மகள் அவர் இடுப்பில் இருக்கிறாள்.