‘முடியாது’ என்று சொல்ல இடம் உண்டா?



அமெரிக்காவில் தனியார் ஜெட் ஓட்டப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது சம்பளத்தை, அடுத்து விமானத்தின் மாடலை. அந்த வேலை விமானப் போக்குவரத்து விதிகளின் எந்தப் பகுதியின் கீழ் வருகிறது என்று கேட்பவர் குறைவு. ஓய்வு எவ்வளவு, தட்டிக்கேட்க யார் என்பதெல்லாம் அதைப் பொறுத்தே அமைகிறது.

நிறுவனமோ செல்வந்தரோ சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் விமானம் என்றால் பகுதி 91. விமானி அங்கே பாதி வீட்டு ஆள். யாருக்குச் சர்க்கரை இல்லாத காபி என்பது வரை தெரிந்திருக்கும். பெட்டி தூக்குவார், ஐஸ் நிரப்புவார், இறங்கியபின் சீட் பெல்ட்டுகளை ஒழுங்காக மடித்து வைப்பார். நல்ல முதலாளி அமைந்தால் இருபது வருடம் நிம்மதியாக ஓட்டலாம். ஆனால் பணிநேரத்துக்குப் பொதுவாக உச்சவரம்பு இல்லை, மேற்பார்வையும் குறைவு.

2014 மே 31 இரவு, மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்டில் இப்படியொரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 மேலெழும்ப முடியாமல் ஓடுபாதையைத் தாண்டிப் பாய்ந்து எரிந்தது. அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். நிறுத்தியிருக்கும்போது காற்றில் கட்டுப்பாட்டுப் பலகைகள் ஆடாமலிருக்கப் போடும் கஸ்ட் லாக்கை எடுக்காமலே கிளம்பியிருந்தார்கள். விமானிகள் இருவரும் பல வருடம் ஒன்றாகப் பறந்த அனுபவசாலிகள். பதிவுக் கருவியைப் புரட்டியபோது, முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் கட்டுப்பாட்டுச் சோதனை முழுதாக நடக்கவில்லை என்று தெரிந்தது. இத்தனைக்கும் பாதுகாப்புத் தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய நிறுவனம்!

சார்ட்டர், அதாவது வாடகைப் பயணம் என்பது பகுதி 135. இரண்டு விமானிகள் என்றால் 24 மணி நேரத்தில் பொதுவாகப் பத்து மணி நேரம்தான் பறக்கலாம். ஜெட் அல்லாத சிறு விமானங்களில்கூட, கருவிகளை நம்பிப் பறக்கும் கேப்டனுக்குப் பொதுவாக 1,200 மணி நேர அனுபவம் வேண்டும். ஆனால் பயணிகளை இறக்கிவிட்டு வெறும் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவருவது 91 ஆகிவிடும், களைப்பு மட்டும் அப்படியே இருக்கும். விதி கடுமையானால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2020 ஜனவரி 26 அன்று கலிஃபோர்னியாவின் கலபாசஸ் மலைச்சரிவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட ஒன்பது பேர் இறந்த ஹெலிகாப்டரும் சார்ட்டர்தான். கண்பார்வையில் மட்டுமே பறக்க அனுமதி பெற்ற நிறுவனம். விமானி மேகத்துக்குள் புகுந்தார். யாரும் அவரை நெருக்கியதற்குச் சான்றில்லை, பழகிய வாடிக்கையாளரை ஏமாற்றக்கூடாது என்று அவரே தன்னை நெருக்கிக்கொண்டார் என்றது விசாரணை.

மூன்றாவது வகை, பலர் சேர்ந்து ஒரு விமானத்தில் பங்கு வாங்கும் முறை. அதை 1986இல் தொடங்கியது நெட்ஜெட்ஸ். அங்கே ஏழு நாள் வேலை, ஏழு நாள் விடுப்பு என்பது பரவலான ஏற்பாடு. ஒரே நாளில் மூன்று நான்கு ஊர், தினம் ஒரு ஹோட்டல், அலுப்புத் தட்டும். ஆனால் இன்றைக்கு ஏறுகிறவர் பெரும்பாலும் விமானிக்குப் பழக்கமில்லாதவர். வானிலை சரியில்லை என்றால் சமாதானம் சொல்வது கொலம்பஸ் நகரிலுள்ள தலைமை அலுவலகத்தின் பாடு. மணிக்கணக்கு சேர்ந்தவுடன் முதலில் இங்கே முயல்வது நல்லது.

எங்கே போனாலும், டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட மாடலை ஓட்டும் தகுதி) பெறும் செலவுக்கு எத்தனை வருடப் பத்திரம் கேட்கிறார்கள் என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அங்கு ஏற்கெனவே வேலை பார்க்கும் துணை விமானியைத் தனியாகப் பிடித்து, கடைசியாக எந்தப் பயணத்தை ரத்து செய்தார்கள், மறுநாள் முதலாளி என்ன சொன்னார் என்று விசாரியுங்கள்.