நீத்தார் நினைவும் நம் கடமையும்

மறைந்த முன்னோரை நினைவு கூர்தல் எல்லா நாட்டினர்க்கும் பொதுவான பண்பு. ஆயினும் அவர்களைப் பற்றி எதனை நினைப்பது, எவ்வளவு காலம் நினைப்பது, எந்த வழியில் நினைப்பது என்ற மூன்று வினாக்களுக்கும் ஒவ்வொரு மக்களினமும் தனக்குரிய விடையைக் கண்டு வைத்திருக்கிறது. தமிழர் கண்ட விடை யாது? பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் ஊரில் விட்டுவிட்டு, நெடுந்தொலைவு வந்து வடபுலத்தில் பயிலும் நமக்கு அந்த விடை எவ்வகையில் பயன்படும்? இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடுகல் கற்பிப்பது

இல்வாழ்வான் போற்ற வேண்டிய ஐவரைக் கூறும் வள்ளுவர், தென்புலத்தாரை முதலில் வைத்தார். தெய்வமும் விருந்தும் சுற்றமும் அவர்க்குப் பின்னரே வருகின்றன. மறைந்தோரை நினைத்தல் இல்லறத்தின் முதற் கடமை என்று அவர் கருதினார் போலும்.

வள்ளுவர் கடமை என்று வைத்ததைத் தொல்காப்பியம் முறையாகவே வகுத்துத் தருகிறது. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் செயலைப் புறத்திணையியல் ஆறு நிலைகளாகக் காட்டும். தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதனைக் கொள்ளத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, நிலத்தில் நாட்டுவது நடுதல், சிறப்புச் செய்து படைப்பது பெரும்படை, புகழ்ந்து பாடுவது வாழ்த்தல். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காதைகளுக்கு அமைந்த பெயர்களும் இவ்வரிசையை ஒட்டியனவே. கண்ணகிக்கு இமயத்தில் கல் கொண்டு, கங்கையில் அதனை நீராட்டிச் செங்குட்டுவன் சேர நாட்டுக்குக் கொணர்ந்த செய்தியை அங்குக் காண்கிறோம்.

இலக்கியம் கூறியதை இன்று நிலமே மெய்ப்பித்திருக்கிறது. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் மாண்ட ஒருவனுக்கு நட்ட கல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் கல்லில் உள்ளவை சில சொற்களே. ஆனால் அவன் பெயர் இருக்கிறது; ஊர் இருக்கிறது; மாண்ட காரணமும் இருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல் இன்னும் வியப்பூட்டுவது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது அது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனின் பெயரை அது சொல்கிறது. அவன் வளர்த்த நாயையும் உடன் செதுக்கி, கள்ளரைக் கடித்து அது காவல் நின்றதையும் தனியே எழுதி வைத்திருக்கிறது. அந்த நாய்க்கும் ஒரு பெயர் உண்டு. அதுவும் கல்லில் உண்டு.

இக்கற்களை நட்டவர்கள் மாண்டவனை 'நல்லவன்' என்றோ 'பெரியவன்' என்றோ எழுதி நிறைவடையவில்லை. யார், எங்கே, என்ன செய்தான் என்ற மூன்றையும் எழுதினார்கள். அதனால்தான் பதின்மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் அந்த மனிதனும் அவன் நாயும் நம் கண்முன் நிற்கிறார்கள். நீத்தார் நினைவைப் பற்றித் தமிழர் தந்த முதற் பாடம் இது.

மகளும் மனைவியும் மகனும் செய்தவை

நடுகல் ஊரார் எடுத்தது. குடும்பத்தார் தம் உறவினர்க்கு எடுத்த நினைவுகளும் உள. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார், மறைந்த கணவர் கண்டராதித்தரின் பெயரால் திருநல்லத்தில் கற்றளி எடுப்பித்தார். இன்று கோனேரிராசபுரம் என வழங்கும் அவ்வூர்க் கோயிலில், கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பத்தை இன்றும் காணலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவைப் பிராட்டியார் தம் தந்தைக்கும் தாய்க்கும் செப்புத் திருமேனிகள் எழுந்தருளுவித்தார். தந்தை சுந்தர சோழரை அக்கோயில் கல்வெட்டு, பொன்மாளிகையில் துஞ்சின தேவர் என்று குறிக்கிறது. எங்கே உயிர் நீத்தார் என்பதே அவரைச் சுட்டும் பெயராகிவிட்டது.

முதலாம் இராசேந்திரன் செய்ததோ என் நெஞ்சைப் பெரிதும் கவர்கிறது. தன் சிற்றன்னையாகிய பஞ்சவன் மாதேவிக்கு அவன் பழையாறையில் பள்ளிப்படை எடுத்தான். கங்கை வரை வென்ற வேந்தன், தன்னைப் பெறாத தாயின் பெயரைக் கல்லில் நிறுத்தினான் என்பதை நாம் மறத்தலாகாது.

எளியவர் காத்த நினைவு

கல்லெடுக்க இயலாத எளிய குடும்பங்கள் என் செய்தன? அவை நினைவைச் சொல்லிலும் சோற்றிலும் பாட்டிலும் வைத்தன. 'பேரன்' என்ற சொல்லைப் பாருங்கள். 'பெயரன்' என்பதே பேரன் ஆயிற்று. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். பெயர்த்தி, பேத்தி ஆனாள். உறவுப் பெயரிலேயே நினைவுக் கடமையைப் பொதிந்து வைத்த மொழி நம்முடையது.

ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் இலை போட்டு, மறைந்தவர் விரும்பி உண்டதைப் படைக்கிறோம். கிறித்தவக் குடும்பங்கள் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளில் மலரும் மெழுகுவத்தியும் வைக்கின்றன. இசுலாமியக் குடும்பங்கள் பாத்திஹா ஓதுகின்றன. சாவு வீட்டில் பெண்கள் பாடும் ஒப்பாரியோ ஒரு வாழ்க்கை வரலாறே எனலாம். இறந்தவர் பிறந்த வீடு, வாழ்க்கைப்பட்ட ஊர், பட்ட துன்பம், செய்த கொடை எல்லாம் அதில் வந்துவிடும்.

ஆனால் இவ்வழிகளுக்கு ஓர் எல்லை உண்டு. திதி கொடுக்கும் வீடுகளில் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயர்களே சொல்லப்படும். நான்காமவர் பெயர் தானே நழுவிவிடும். திதி வழி, இறந்த மாதமும் பக்கமும் நினைவில் நிற்கும், ஆண்டு நில்லாது. படையலில் அவர் விரும்பிய அதிரசம் நிற்கும். அவர் எதற்காக உழைத்தார் என்பது நில்லாது. ஒப்பாரியோ பாடியவரோடு போய்விடும். சடங்கு பெயரையும் நாளையும் காக்கிறது. வாழ்க்கையைக் காக்க எழுத்து வேண்டும்.

ஒரு பத்திரம் சொன்னது

என் குடும்பத்திலிருந்தே ஒரு சான்று தருகிறேன். என் பாட்டனாரின் தாயாரை எங்கள் வீட்டில் 'கிணற்று வீட்டு ஆத்தா' என்பார்கள். அவர் பெயர் என் தந்தைக்குத் தெரியாது; அத்தைக்கும் தெரியாது. பழைய தகரப் பெட்டியில் கிடைத்த கிரயப் பத்திரம் ஒன்றே அதனைச் சொல்லிற்று. இன்னார் மனைவி இன்னார் என்று அவர் பெயரும், அதன் கீழே இடக்கைப் பெருவிரல் ரேகையும் அதில் இருந்தன. பிறந்த வீட்டார் கொடுத்த அறுபது சென்டு நிலத்தை 1951இல் அவர் விற்றிருக்கிறார். எதற்காக என்பதையும் பத்திரம் எழுதுபவர் வழக்கப்படி எழுதியிருக்கிறார்: மகனின் படிப்புச் செலவுக்காக.

அந்த மகன்தான் என் பாட்டனார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளியிறுதி வகுப்புத் தேறியவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், தனக்கென்று இருந்த ஒரே நிலத்தை எழுத்துக்காக விற்றிருக்கிறார். நான் இன்று பல்கலைக் கழக நூலகத்தில் அமர்ந்து இக்கட்டுரையை எழுதுவதற்கு அந்த ரேகையும் ஒரு காரணம். பெட்டி செல்லரித்திருந்தால் அவர் எங்களுக்கு என்றும் கிணற்று வீட்டு ஆத்தாவாகவே இருந்திருப்பார். இத்தகைய பெண்கள் நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் உளர்; அவர்கள் பெயர்களே முதலில் மறைகின்றன.

நாம் செய்யத்தக்கவை

குடும்ப வரலாறு தொகுக்க விரும்பும் மாணவர்க்குச் சில முறைகளைக் கூறுகிறேன்.

முதலாவது, வீட்டில் மூத்தவரிடம் தொடங்குக. 'உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்' என்றால் அவர் ஒன்றுமில்லை என்பார். 'உங்கள் அம்மா எந்த ஊரில் பிறந்தார்? உங்கள் வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? முதலில் பார்த்த சம்பளம் எவ்வளவு?' என்று சிறு வினாக்களாகக் கேட்டால் ஊற்றுக்கண் திறக்கும். கைப்பேசியில் அவர் இசைவோடு ஒலிப்பதிவு செய்துகொள்க. அவர் சொல்லும் வட்டார வழக்கை அப்படியே எழுதுக, திருத்த வேண்டா.

இரண்டாவது, காலத்தைக் கணித்துக்கொள்க. முதியோர் தமிழ் ஆண்டின் பெயரைச் சொல்வர். அவ்வாண்டுகள் அறுபதுக்கு ஒரு முறை திரும்புவன. பிரபவ ஆண்டு 1927 ஏப்பிரலில் தொடங்கியது. அடுத்தது 1987இல் வந்தது. இடையே அறுபது ஆண்டு இருப்பதால் இரண்டில் எது என்பதை எளிதில் அறியலாம். தாது வருடப் பஞ்சம் என்று மூதாதையர் சொல்லி வந்தால் அது 1876ஆம் ஆண்டை ஒட்டியது. ஆண்டே நினைவில்லாதவரிடம், 1964 தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னா பின்னா, நாடு விடுதலை பெற்றபோது கையில் குழந்தை இருந்ததா என்று கேட்டு நெருங்கலாம்.

மூன்றாவது, ஏடுகளைத் தேடுக. சாதகக் குறிப்பு, கிரயப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் ஆகியவை பயன்படும். மொய் நோட்டையும் விட்டுவிடாதீர்கள். எந்த ஊரில் எந்த உறவு இருந்தது என்பதை அதுபோல் காட்டுவது பிறிதில்லை. பழைய நிழற்படங்களில் இருப்பவர் யார் என்று கேட்டுப் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைக்க வேண்டும். அரித்துவாரத்துப் பண்டாக்கள் தம்மிடம் வந்த குடும்பங்களின் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றை ஊர்வாரியாகவும் குலவாரியாகவும் பஹி என்னும் நீண்ட ஏடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதி வருகிறார்கள். நம் வீட்டில் அத்தகைய ஏடு இல்லையெனில், அதனைத் தொடங்குபவராக நாமே இருப்போமாக.

நான்காவது, உள்ளதை எழுதுக. கோபக்காரரைச் சாந்தமூர்த்தி என்று எழுதினால் அவரை இரண்டாம் முறை இழந்தவர்களாவோம். கடன் பட்டதும், ஊர் விட்டுப் போனதும், பிணக்கு நேர்ந்ததும் வாழ்க்கையின் பகுதிகளே. ஆயினும் உயிரோடிருப்பவர் மனம் புண்படக் கூடியதை அவர் இசைவின்றி வெளியிடலாகாது.

ஐந்தாவது, படி எடுத்துப் பலரிடம் கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் இருப்பது ஒரு நாள் அழியும்.

காலம் கடந்துவிட்டதே என்று சோர்வடைய வேண்டா. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1876இல் மறைந்தார்கள். அவர்தம் சரித்திரத்தை மாணவராகிய உ. வே. சாமிநாதையர் இரு பாகங்களாக 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது இயன்றது. நேரில் கண்டதும் பிறரிடம் கேட்டதும் தேடித் தொகுத்ததும் அவரிடம் இருந்தன.

நமக்கோ தூரம் ஒரு தடை. ஊரிலிருந்து துயரச் செய்தி வந்தால், இரண்டு நாள் ரயிலில் சென்று சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த ஒருவரோடு அவர் மட்டுமே அறிந்த பத்துப் பேரின் வாழ்க்கையும் போய்விடுகிறது. ஆதலின் இறந்தோரைப் பற்றிய பணியை இருப்போரிடமிருந்தே தொடங்க வேண்டும். தொல்காப்பியர் வகுத்த ஆறு நிலைகளில் காட்சியே முதலாவது. கல்லைத் தேடிக் காணாமல் நடவும் இயலாது, வாழ்த்தவும் இயலாது.

நண்பர்களே, இன்று மாலை விடுதிக்குத் திரும்பியதும் உங்கள் குடும்பத்தில் மூத்தவரைத் தொலைபேசியில் அழையுங்கள். அவருடைய தாயின் தாய் பெயர் என்ன என்று கேளுங்கள். விடை கிடைத்தால் அன்றே எழுதி, நாளும் இட்டு வையுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும் என்று அடுத்துக் கேளுங்கள்.