பாதிக்குப் பாதி
வேலை ஒதுக்கீடும் நீதியும்: வட அயர்லாந்து தரும் ஒரு பாடம்

ஒரு வேலைக்கு இருவர் விண்ணப்பிக்கின்றனர். இருவரும் தகுதியுடையோரே. பரீட்சை வரிசையில் ஒருவர் சற்று மேலேயும் மற்றவர் சற்றுக் கீழேயும் நிற்கின்றனர். ஆனால், கீழே நிற்பவர் அந்தத் தொழிலில் நெடுங்காலமாக இடம் பெறாத ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர். வேலையை யாருக்குக் கொடுப்பது நீதி?

வாசகர்களே, உங்கள் மனதில் முதலில் எழுந்த விடையை ஒரு கணம் நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். நம்மிற் பலருக்கு அந்த விடை எங்கிருந்து வருகின்றதென்று ஊகிப்பது கடினமன்று. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல், கூடிய புள்ளி பெற்ற பிள்ளை வெளியே நிற்கும் வேதனையை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. ஆகவே 'ஒதுக்கீடு' என்ற சொல்லைக் கேட்டாலே நாம் மேலே நின்றவனின் பக்கம் சாய்கின்றோம். அது இயல்பே. எனினும், ஒரு கேள்வியை நேர்மையாக ஆராய வேண்டுமானால், நம் நோவு இல்லாத ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்பது நன்று. அதிலும் கத்தோலிக்கர் ஒதுக்கீட்டினால் நன்மை பெற்ற ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால் நம் தராசு நேரானதா என்பதும் தெரிந்துவிடும். வட அயர்லாந்து அத்தகைய இடம்.

1921இல் அயர்லாந்துத் தீவு பிரிக்கப்பட்டபோது, பிரித்தானியாவுடன் நின்ற வடபகுதியில் புரட்டஸ்தாந்தினர் பெரும்பான்மையினர். கத்தோலிக்கர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். அடுத்த ஆண்டு அமைக்கப்பட்ட பொலிஸ் படைக்கு றோயல் அல்ஸ்ரர் கொன்ஸ்தாபுலறி என்று பெயர். அதில் மூன்றில் ஒரு பங்கு கத்தோலிக்கருக்கு என்று தொடக்கத்தில் எண்ணப்பட்டது. அந்த அளவு ஒருநாளும் எட்டப்படவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கத்தோலிக்கர் தொகை குறைந்துகொண்டே போயிற்று. முப்பதாண்டு வன்செயல் 3,500க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டு, 1998 ஏப்ரல் 10ஆந் திகதி பெரிய வெள்ளி உடன்படிக்கை கைச்சாத்தானபோது, குடிசனத்தில் நாற்பது வீதத்துக்கு மேற்பட்டிருந்த கத்தோலிக்கர் அந்தப் படையில் நூற்றுக்கு எட்டுப் பேர் மாத்திரமே.

ஏன் இப்படி? இங்கேதான் அவசரத் தீர்ப்பு ஆகாது. அந்தப் படை தம்முடையதன்று என்று கத்தோலிக்க மக்கள் கருதினார்கள். அதற்குக் காரணங்கள் இருந்தன. அதேவேளை, பொலிசிற் சேர்ந்த கத்தோலிக்கரை ஐ.ஆர்.ஏ. இயக்கம் துரோகியென்று தேடிக் கொன்றது. சேர்ந்தவன் தன் ஊருக்குத் திரும்ப முடியாது. பெற்றோரைப் பார்க்க இரவில்தான் வரவேண்டும். அயர்லாந்துக் கிராமங்களின் உயிர்நாடியான கேலிக் விளையாட்டுச் சங்கம் வட அயர்லாந்துப் பொலிசாரை அங்கத்தவராக ஏற்பதில்லை என்று விதியே வைத்திருந்தது. ஆக, கதவு உள்ளிருந்தும் அடைபட்டிருந்தது, வெளியிலிருந்தும் அடைபட்டிருந்தது.

ஹொங்கொங்கின் கடைசிப் பிரித்தானிய ஆளுநரும் தாமே ஒரு கத்தோலிக்கருமான கிறிஸ் பற்றன் தலைமையிலான ஆணைக்குழு, 1999 செப்டெம்பரில் 175 சிபாரிசுகளுடன் தன் அறிக்கையை வெளியிட்டது. படையின் பெயரும் சின்னமும் மாறவேண்டும், தொகை குறையவேண்டும், பத்தாண்டுகளுக்குப் புதிதாகச் சேர்க்கப்படுவோரிற் பாதிப் பேர் கத்தோலிக்கராகவும் பாதிப் பேர் ஏனையோராகவும் இருக்கவேண்டும் என்பவை அவற்றுட் சில. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இதனை ஏற்றது. சமய அடிப்படையில் ஆளைத் தெரிவது ஏனைய சட்டங்களுக்கு முரணானது. எனவே, அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட தொழில் சமத்துவப் பணிப்புரையில் இதற்கென்றே தனி விலக்கு எழுதப்பட்டது. 2001 நவம்பர் 4இல் 'வட அயர்லாந்துப் பொலிஸ் சேவை' என்ற புதிய பெயர் வந்தது.

முறை எப்படி நடந்தது என்பதை விளங்கிக்கொள்ளாமல் ஆதரிப்பதிலோ எதிர்ப்பதிலோ பயனில்லை. விண்ணப்பிக்கும் எவரும் ஒரே பரீட்சை, ஒரே உடற்தகுதிச் சோதனை, ஒரே மருத்துவச் சோதனை ஆகியவற்றைத் தாண்டவேண்டும். தாண்டியவர் யாவரும் தகுதி வரிசையில் வைக்கப்பட்டனர். அந்த வரிசையிலிருந்து இரு சாராரையும் சம தொகையில் எடுத்தனர். தகுதியற்ற கத்தோலிக்கர் எவரும் உட்புகவில்லை. ஆனால், விண்ணப்பதாரரிற் கத்தோலிக்கர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் இருந்தனர். ஆகவே வரிசையில் உயரே நின்ற புரட்டஸ்தாந்து வாலிபர் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவருக்குக் கீழே நின்ற கத்தோலிக்கர் சீருடை அணிந்தார். சீனரும் இந்துவும் இஸ்லாமியரும் 'ஏனையோர்' பாதியிலேயே கணக்கிடப்பட்டனர் என்பதையும் மறக்கவேண்டாம். எண்ணிக்கையிற் சிறிய அந்தச் சமூகங்கள் தாம் ஈடுபடாத ஒரு பழைய வழக்கின் செலவிற் பங்கு செலுத்தின.

இதற்கு எதிராகச் சொல்லப்பட்டவற்றை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அந்தப் புரட்டஸ்தாந்து வாலிபன் 1922இல் பிறக்கவில்லை. எவருடைய வேலையையும் பறிக்கவுமில்லை. கத்தோலிக்கர் சேராமைக்கு ஐ.ஆர்.ஏ.யின் துப்பாக்கியும் ஒரு காரணமாயின், அதற்கு அவன் ஏன் தண்டம் கட்டவேண்டும்? ஏறத்தாழ 300 பொலிசாரைப் பறிகொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளே இப்படிக் கேட்டார்கள் என்பதை நினைத்தால் கேள்வியின் கனம் புரியும். ஒருவர் வழக்கும் தொடுத்தார், நீதிமன்றம் 2002இல் அதனைத் தள்ளியது, மேன்முறையீடும் பலிக்கவில்லை. ஆனால் ஒரு விதி சட்டப்படி செல்லும் என்பது வேறு. அது நீதியானது என்பது வேறு.

நீதியைப் பற்றிப் பேசுகையில், பழைய குருமடப் பாடமொன்று இங்கே கைகொடுக்கின்றது. புனித தோமஸ் அக்குயினாஸ் நீதியை இரண்டாகப் பிரித்து ஆராய்கின்றார். ஒருவனுக்கு ஒருவன் கொடுக்கவேண்டியதைக் கொடுப்பது பரிமாற்று நீதி; கடனைத் தீர்ப்பதும் நட்டஈடு செலுத்துவதும் இதில் அடங்கும். சமுதாயம் தன் பொது நன்மைகளையும் பதவிகளையும் அங்கத்தவருக்குப் பங்கிடுவது பங்கீட்டு நீதி. பங்கீட்டு நீதிக்கு எதிரான பாவத்துக்கு முகத்தாட்சணியம் என்று பெயர். போதிய அறிவுள்ளவன் என்பதற்காக ஒருவனுக்கு ஆசிரியப் பதவி கொடுத்தால் அது முகத்தாட்சணியமன்று. இன்னார் என்பதற்காகக் கொடுத்தால் அது முகத்தாட்சணியம். அவர் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றார். ஒரே விடயம் ஓரிடத்தில் தகுதியாகவும் மற்றோரிடத்தில் வெறும் முகமாகவும் இருக்கலாம் என்கிறார். இரத்த உறவு தகப்பன் சொத்துக்கு உரிமை தரும். திருச்சபைப் பதவிக்கு உரிமை தராது.

இந்தக் கோலைக் கொண்டு அளந்து பாருங்கள். பாதிக்குப் பாதி விதியைப் பழைய அநீதிக்கு நட்டஈடு என்று நியாயப்படுத்தினால் அது நிற்காது. நட்டஈடு குற்றம் செய்தவன் நட்டப்பட்டவனுக்குக் கொடுப்பது. இங்கே கொடுத்தவன் செய்தவனல்லன். பெற்றவனும் பெரும்பாலும் நட்டப்பட்டவனல்லன். கத்தோலிக்க மக்கள் தொகைக்கு ஏற்ற 'பங்கு' என்று சொன்னாலும் அது நிற்காது. பொலிஸ் உத்தியோகம் வீட்டுக்கு வீடு பகிரும் கோதுமை மாவன்று.

ஆனால், பொலிஸ்காரனுடைய வேலைதான் என்ன? ஒரு தெருவுக்குள் நடந்துபோய், அங்குள்ளவர் அச்சமின்றிக் கதவைத் திறந்து உண்மையைச் சொல்லக் கூடிய ஆளாக இருப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதி. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் ஒரே சாராராக உள்ள படை, மறு சாராரின் தெருவில் இதனைச் செய்ய முடியாது. அதன் ஒவ்வோர் உறுப்பினரும் நல்லவராக இருந்தாலும் முடியாது. தம் மொழியில் முறைப்பாட்டை எழுதிக்கொள்ள ஆளில்லாத பொலிஸ் நிலையத்தில் நின்றவர்களுக்கு இதனை நீட்டி விளக்கத் தேவையில்லை. ஆகவே, அந்தப் படைக்கு அந்தக் காலத்தில் கத்தோலிக்கராக இருத்தல் வெறும் முகமன்று. படை முழுவதையும் நோக்குமிடத்து அது தகுதியின் ஓர் அங்கம். அவ்விதி நிற்கக் கூடிய ஒரே தூண் இதுதான் என்பது என் முடிவு.

அப்படியானால் கப்பற்பட்டறையில் இரும்பு ஒட்டுபவனுக்கும் இந்த விதி பொருந்துமா? பொருந்தாது. ஒட்டின் உறுதி ஒட்டுபவனுடைய ஞானஸ்நானப் பதிவேட்டில் இல்லை. இத்தனைக்கும் கப்பற்பட்டறைகளில் நடந்த அநீதி சிறிதன்று. ரைற்றானிக் கப்பலைக் கட்டிய பெல்பாஸ்ற் நகரத்துப் பட்டறையிலிருந்து 1920 யூலையில் ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர் அடித்துத் துரத்தப்பட்டனர். 1970களிலிருந்து 1990கள் வரையிலான குடிசன மதிப்பீடுகளில், வேலையற்ற கத்தோலிக்க ஆண்களின் வீதம் புரட்டஸ்தாந்து ஆண்களுடையதிலும் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. பெயரும் படித்த பாடசாலையும் தெரிந்தால் விண்ணப்பம் எந்தக் கூடைக்குள் விழும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆயினும், 1989ஆம் ஆண்டு நியாயத் தொழில் சட்டம் அங்கே ஒதுக்கீட்டைப் புகுத்தவில்லை. அது செய்தது வேறு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஆட்களை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் தன்னிடம் எத்தனை கத்தோலிக்கர், எத்தனை புரட்டஸ்தாந்தினர் என்று ஆண்டுதோறும் எண்ணிக் காட்டவேண்டும். ஊழியர் பதில் சொல்லாவிடின் அவர் படித்த ஆரம்பப் பாடசாலையைக் கொண்டு கணிக்கலாம். தொகை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஏனென்று ஆராய்ந்து, குறைந்த சமூகத்தவரை விண்ணப்பிக்கத் தூண்டவேண்டும். ஆனால், தெரிவு தகுதியின்படியே. 'உறவினர் மூலம் ஆள் எடுத்தல்' என்ற பழைய வழக்கம் இதனால் வெளிச்சத்துக்கு வந்தது. முதலாளி எவரையும் வெறுக்கவில்லை. மேஸ்திரி தன் மைத்துனனைக் கூட்டி வந்தார், மைத்துனன் தன் தம்பியைக் கூட்டி வந்தார், அவ்வளவுதான். நமது ஊர்க் கடைகளிலும் காரியாலயங்களிலும், ஏன், நம் பங்கு நிறுவனங்களிலுங்கூட இது நடப்பதில்லையா? 1990இல் கணக்கெடுக்கப்பட்ட ஊழியரில் ஏறத்தாழ 35 வீதமாக இருந்த கத்தோலிக்கர், முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயினர். கத்தோலிக்கக் குடிசனம் பெருகியமையும் பழைய கனரகத் தொழில்கள் நலிந்தமையும் இதற்கு உதவின. எனினும், எண்ணி எழுதவேண்டும் என்ற கடமையே பல கதவுகளைத் திறந்தது.

அந்த வழி மெதுவானது. பொலிசுக்கு அத்தனை ஆண்டுகள் காத்திருக்க முடியாது. படை மாறாவிட்டால் சமாதானமே நிலைத்திராது. வேகத்துக்கு விலையும் கொடுக்கப்பட்டது. புதியவருக்கு இடம் விட, மூத்த உத்தியோகத்தர் பெருந்தொகை பெற்று விலகினர். அவர்களுடன் பல ஆண்டுத் துப்பறியும் அனுபவமும் வெளியேறிற்று. பின்னர் அவர்களிற் சிலரையே மீண்டும் கூலிக்கு அமர்த்த நேர்ந்தது கணக்காய்வாளரின் கண்டனத்துக்கும் உள்ளாயிற்று.

பலன் என்ன? 2011 மார்ச் 28இல் விதி முடிவுக்கு வந்தபோது எட்டு வீதம் முப்பது வீதமாகியிருந்தது. இதற்கு ஒதுக்கீடு மாத்திரம் காரணமென்று எண்ணினால் தவறு. 2001இல் கத்தோலிக்க ஆயர்கள் தம் இளைஞர் பொலிசிற் சேர்வதை ஆதரித்தனர். அவ்வாண்டு நவம்பரில் கேலிக் விளையாட்டுச் சங்கம் தன் தடையை நீக்கியது. 2007 சனவரியில் சின் பெயின் கட்சியும் பொலிசை ஏற்றுக்கொண்டது. உள்ளிருந்து பூட்டிய கதவைச் சட்டம் திறந்தது. வெளியிலிருந்து பூட்டியதைக் கத்தோலிக்கச் சமூகமே திறக்கவேண்டியிருந்தது.

அது முற்றாகத் திறக்கப்படவில்லை. விதி முடிந்த ஐந்தாம் நாள், ஏப்ரல் 2இல், ஓமா நகரில் ரோனன் கெர் என்ற 25 வயதுக் கத்தோலிக்கக் கொன்ஸ்தாபிள் தன் காருக்கடியில் வைக்கப்பட்ட குண்டுக்குப் பலியானார். கத்தோலிக்க வாலிபர் பொலிசிற் சேர்வதைத் தடுக்கவே அக்கொலை செய்யப்பட்டது. அவர் தாயாரோ, இதனால் எவரும் பின்வாங்கக் கூடாதென்று பகிரங்கமாக வேண்டினார். அடக்கத் திருப்பலிக்குச் செல்லும் வழியில் பொலிசாரும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தினரும் அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் எவரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்.

ஒதுக்கீடு நீங்கிய பின் புதிதாகச் சேர்ந்தோரில் கத்தோலிக்கர் பங்கு கீழிறங்கியது. படையில் அவர் தொகை மூன்றில் ஒன்றையொட்டியே தங்கிவிட்டது. 2021 குடிசன மதிப்பீட்டிலோ கத்தோலிக்கப் பின்னணியினர் 45.7 வீதம், புரட்டஸ்தாந்துப் பின்னணியினர் 43.5 வீதம். 2023 ஓகஸ்ற் மாதத்தில், ஒரு தவறினால் சேவையிலுள்ள அனைவரின் பெயர்களும் இணையத்தில் வெளியாயின. அப்பொழுது மிகவும் நடுங்கியவர்கள், தாம் செய்யும் தொழிலைச் சொந்த உறவினருக்கே சொல்லாமல் வாழும் கத்தோலிக்க உத்தியோகத்தர்களே. பாதிக்குப் பாதியை மீண்டும் கொண்டுவரவேண்டும் என்று ஒரு சாரார் இப்பொழுது கேட்கின்றனர். மறு சாரார் வேண்டாம் என்கின்றனர். கேட்போர் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: முதல் தடவை விதிக்கு வழிவிட்டு வீடு திரும்பிய அந்த வாலிபனின் தம்பிக்கு, இம்முறை எத்தனை ஆண்டுகள் என்று தவணை கூறுவார்கள்?