பேசாத ரோபோவுக்கு ஒரு ஃபிட்டர் தேவை

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவரோ, ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவரோ உங்கள் வீட்டில் இருந்தால், 'மெஷினேரியம்' கேமைத் திறக்கும்போது அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். இந்த கேமில் வசனமே கிடையாது. எப்படி ஆடுவது என்று தொடக்கத்தில் வரும் சில வரிகளைப் பிள்ளைகள் படித்துச் சொல்லிவிடுவார்கள். அதன்பிறகு எல்லாமே நெம்புகோல், குழாய், ஒயர், பல்சக்கரம்தான். மெஷினோடு பழகியவர் கண்ணுக்கு அவை சட்டென்று பிடிபடும். பக்கத்து வீட்டு பீகார், ஒடிசா பிள்ளைகளும் மொழி தெரியாமலே கூடச் சேர்ந்து ஆடலாம்.

செக் நாட்டின் அமானிட்டா டிசைன் குழு 2009 அக்டோபரில் இதை வெளியிட்டது. ஜோசஃப் என்ற குட்டி ரோபோவை ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் கொட்டிவிடுகிறார்கள். அவன் ஊருக்குள் திரும்ப வேண்டும். கருப்புத் தொப்பிக் கும்பலிடம் சிக்கிய காதலி பெர்ட்டாவை மீட்க வேண்டும். கோபுரத்தில் அவர்கள் வைத்த குண்டைச் செயலிழக்க வைக்க வேண்டும். ஊரே ஒரு காயலாங்கடை போல இருக்கும். அத்தனையும் கையால் வரைந்த படம். கம்ப்யூட்டரிலோ டேப்லெட்டிலோ ஆடுங்கள். சின்ன போன் திரையில் பல பொருட்கள் கண்ணில் படாமல் போகும். சத்தத்தையும் அணைக்காதீர்கள். தொமாஷ் துவோர்ஷாக்கின் இசைக்காகவே இதை ஆடியவர்கள் உண்டு.

முதல் காட்சியில் ஜோசஃபின் உடம்பு துண்டு துண்டாகக் கிடக்கும். தேடி எடுத்து மாட்டுங்கள். உடம்பு சேர்ந்ததும், அவன் மேல் கிளிக் செய்து மேலே இழுத்தால் நெட்டையாவான், கீழே அழுத்தினால் குட்டையாவான். இங்கேதான் புதிதாக ஆடுபவர்கள் தடுமாறுகிறார்கள். இதுபோன்ற மற்ற கேம்களில் திரையில் எதைத் தொட்டாலும் பாத்திரம் அங்கே நடந்து போய்விடும். ஜோசஃபோ தன் கைக்கு எட்டுவதை மட்டுமே தொடுவான். ஆகவே ஒவ்வொரு புதுக் காட்சியிலும் அவனை நிற்க முடிந்த இடங்களுக்கெல்லாம் நடத்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் நெட்டை, நடுத்தரம், குட்டை என மூன்று உயரத்திலும் வைத்துப் பாருங்கள். கர்சர் எங்கே உருமாறுகிறதோ அங்கே வேலை இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காட்சியைப் பார்க்க வேண்டும். நல்ல ஃபிட்டர் வந்ததும் ஸ்பேனரை எடுக்கமாட்டார். பவர் எங்கிருந்து வருகிறது, எதைத் திருப்பினால் எது அசையும், எது எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் பார்ப்பார். ஊர் வாசல் காட்சியே இதற்கு உதாரணம். காவலாளி பாலத்தை இறக்கமாட்டான். அங்குள்ள காவலர்களின் தலையைக் கவனியுங்கள்: நீலக் கூம்புத் தொப்பி, உச்சியில் விளக்கு. ஜோசஃபும் அவர்களைப் போல வேடமிட வேண்டும். இனி சாலையில் வைக்கும் கூம்பு, நீலப் பெயின்ட், ஒரு பல்பு ஆகிய மூன்றும் எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி. குருட்டாம்போக்கில் கிளிக் செய்துகொண்டிருப்பவருக்கு இது பிடிபட வெகுநேரமாகும்.

எடுத்த பொருளை ஜோசஃப் விழுங்கி வயிற்றுக்குள் வைத்துக்கொள்வான். திரையின் மேல்பக்கம் போனால் அந்தப் பட்டியல் தெரியும். ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்துச் சேர்த்துப் பார்க்கலாம். எதிர்ப்படும் ரோபோக்களையும் தவறாமல் கிளிக் செய்யுங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது தலைக்கு மேல் நினைவுக்குமிழில் படமாக ஓடும். தெருவில் வாசிக்க முடியாமல் நிற்கும் இசைக்காரர்களின் குறையும் அப்படித்தான் தெரியவரும்.

மதுக்கடையில் ஐந்து காய்களை ஒரே வரிசையில் சேர்க்கும் ஆட்டம் ஒன்று உண்டு. எதிராளி கெட்டிக்காரன். அவனுடைய மூன்று காய்கள் வரிசையாகி இருமுனையும் திறந்திருந்தால் உடனே ஒரு முனையை அடைத்துவிடுங்கள். உங்கள் பங்குக்கு, ஒரே காயால் இரண்டு வரிசைகளை மிரட்டும் இடத்தைத் தேடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அவனால் தடுக்க முடியாது.

எங்கும் நகர முடியாமல் நின்றால் மேலே உள்ள பல்பைத் தொடுங்கள். காட்சிக்கு ஒரு குறிப்பு படமாக வரும். அதுவும் போதாவிட்டால் பக்கத்தில் பூட்டிய புத்தகம் ஒன்று இருக்கும். சாவியைச் செலுத்தி, சிலந்திகளைச் சுட்டுக்கொண்டே ஒரு சின்ன ஆட்டம் ஜெயித்தால் அது திறந்து முழு விடையும் சித்திரமாகத் தெரியும். புத்தகத்தைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சீக்கிரமே அதற்குப் பழகிவிடுவார்கள். அதைவிட, அன்றைக்கு கேமை மூடிவைத்துவிட்டு மறுநாள் வந்து பார்ப்பது நல்லது.

ஒரு வேண்டுகோள். ஏழு பேர் தங்கள் சேமிப்பைப் போட்டு மூன்று வருடம் உழைத்துச் செய்த கேம் இது. ஆடியவர்களில் பெரும்பாலானோர் திருட்டுப் பிரதியில்தான் ஆடினார்கள் என்று 2010-ல் அவர்களே சொல்லி, அப்படி ஆடியவர்கள் இப்போதாவது வாங்கட்டும் என்று விலையை 5 டாலராகக் குறைத்தார்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் அவ்வப்போது தள்ளுபடியும் வரும். காசு கொடுத்தே வாங்குங்கள்.