சங்க இலக்கியம் கற்பித்தலில் பாத்திரமேற்றலும் பாவனைச் சூழலும்

ஆய்வுச்சுருக்கம்

பாத்திரமேற்று நடித்தலும் பாவனைச் சூழலை அமைத்துப் பயிற்றுதலும் மொழிப்பாட வகுப்புகளில் பெரும்பாலும் ஆர்வமூட்டும் துணைச்செயல்களாகவே கருதப்படுகின்றன. அகப்பாடலின் கூற்றை உணர்த்தும்போதும் சுவடிப் பாடவேறுபாட்டை விளக்கும்போதும் இவை பாடப்பொருளின் இயல்பிலிருந்தே எழும் முறைகளாக அமைகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. நிகழ்த்துதலைத் தொடர்ந்து மூலபாடத்துச் சான்றுக்குத் திரும்பும் உரையாடல் நிகழாதவிடத்து, இம்முறைகள் கற்றலை விளைவிப்பதில்லை என்பது இதன் கருதுகோள். இது புள்ளிவிவர ஆய்வு அன்று, விளக்கமுறை ஆய்வு.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்றல், பாவனைச் சூழல், கூற்று, முன்னம், பாடவேறுபாடு.

முன்னுரை

குறுந்தொகைப் பாடலொன்றைக் கற்பிக்கும்போது திணை, துறை, கூற்று ஆகியவற்றை முதலில் கூறிப் பின்னர்ப் பொருள் உரைப்பது வழக்கம். மாணவர் அவற்றை மனனம் செய்து தேர்வில் பிழையின்றி எழுதிவிடுகின்றனர். ஆயினும், கூற்றுக்குறிப்பு நீக்கப்பட்ட பாடலொன்றைத் தந்து, பேசுவோர் யார், கேட்போர் யார் என வினவினால் பலர் தடுமாறுவர். முடிவைப் பெற்றவர்கள் அம்முடிவை அடையும் வழியைப் பெறவில்லை என்பதே இதன் பொருள். அவ்வழியைக் கற்பிப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா.

கருத்து விளக்கம்

பாத்திரமேற்றலில் கற்பவர் பிறிதொருவர் நிலையில் நின்று பேசுகிறார். பாவனைச் சூழலில் உண்மைச் சூழலின் விதிகளும் தடைகளும் சிறிய அளவில் அமைக்கப்பட, கற்பவர் தாமாகவே முடிவெடுத்து அதன் விளைவையும் காண்கிறார். 1929இல் எட்வின் லிங்க் உருவாக்கிய விமானப் பயிற்சிப் பொறி இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு. 1963இல் ஹோவர்ட் பாரோஸ் மருத்துவக் கல்வியில் புகுத்திய, நோயாளியாக நடிப்பவரைக் கொண்டு பயிற்றும் முறையில் இரண்டும் இணைகின்றன. தவறு நேரினும் உயிருக்கு ஊறில்லாத இடத்தில் முடிவெடுக்கப் பழக்குவதே இவற்றின் பொதுநோக்கம். எனவே, தகவலைச் சேர்ப்பதற்கன்றி, முடிவெடுக்கும் திறனை வளர்ப்பதற்கே இம்முறைகள் ஏற்றவை. இலக்கியக் கல்வியில் அத்தகைய முடிவுகள் எங்கு நிகழ்கின்றன எனக் காண்டல் வேண்டும்.

அகப்பாடலும் பாத்திரமேற்றலும்

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 செய்யுள் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவும் அடங்கும். ஒரு நாடகக் காட்சியை அமைக்க வேண்டிய கூறுகள் அனைத்தும் இவற்றுள் உள்ளன. இன்ன இடத்தில் இன்னார் இன்னாருக்குக் கூறியது எனக் குறிப்பால் உணரவைப்பது முன்னம். ஆகவே, அகப்பாடலை நிகழ்த்திப் பார்த்தல் அயலிலிருந்து கொணர்ந்து ஒட்டிய உத்தி அன்று. இலக்கணம் கேட்கும் வினாக்களுக்கு உடலாலும் குரலாலும் விடை தேடும் முயற்சியாகும்.

குறுந்தொகையின் மூன்றாம் பாடலை எடுத்துக்கொள்ளலாம். தேவகுலத்தார் பாடிய இந்நான்கடிப் பாடல், மலைநாடனோடு கொண்ட நட்பு நிலம், வான், நீர் ஆகியவற்றின் அளவைக் கடந்தது என்கிறது. தலைவன் சிறைப்புறத்தே நிற்க, அவன் மணந்துகொள்ள வேண்டும் என்னும் நோக்கில் தோழி அவனைப் பழித்துரைத்தபோது, தலைவி அவன் இயல்பைப் புகழ்ந்துரைத்ததாகக் கூற்றுக்குறிப்பு அமைந்துள்ளது. பாடலிலோ தன்மைச் சொல் இல்லை, விளி இல்லை, சிறைப்புறத்தானைச் சுட்டும் சொல்லும் இல்லை. மாணவரை மூன்று குழுக்களாகப் பிரித்து இதனைப் பின்வருமாறு நிகழ்த்தச் செய்யலாம்:

1. கூற்றுக்குறிப்பு கூறியவாறே தலைவி பேச, தோழி எதிரே நிற்க, தலைவன் மறைந்து கேட்டல்.
2. தலைவன் அவ்விடத்து இல்லாதிருக்க, தலைவி தோழியிடம் பேசுதல்.
3. தலைவிக்கு மாற்றாகத் தோழி இப்பாடலைக் கூறுதல்.

முதற்குழு உடனே ஒரு சிக்கலை எதிர்கொள்ளும்: தலைவன் கேட்பதைத் தலைவி அறிவாளா, அறியாளா? அறிவாளெனின் அப்புகழ்ச்சி அவனை நோக்கிய வேண்டுகோளாகிவிடும்; அறியாளெனின் தோழிக்குக் கூறும் மறுப்பாகவே நிற்கும். இரண்டாங்குழுவின் நிகழ்வில் வரைவு வேண்டல் என்னும் பயன் பெரிதும் மங்கிவிடும். மூன்றாங்குழு, தோழி கூற்றாகக் கொள்வதைப் பாடலின் எச்சொல்லும் வெளிப்படையாகத் தடுக்கவில்லை என்பதையும், ஆயினும் அவ்வாறு கொள்ளின் அளவற்ற நட்பை உணர்ந்து கூறும் குரலின் உறுதி தளர்வதையும் காணும். இவ்வாறு, பாடல் தருவது எது, கூற்றுக்குறிப்பு தருவது எது என்னும் வேறுபாட்டை மாணவர் தாமே கண்டடைவர்.

கபிலரின் 25ஆம் பாடல் வேறொரு பயிற்சிக்கு இடந்தருகிறது. இதில் தன்மைச் சொல் உண்டு; எனவே பேசுபவள் தலைவி என்பது தெளிவு. தலைவன் தன்னை மணந்த அன்று உடனிருந்தவர் எவருமில்லை, ஓடும் நீரில் ஆரல்மீனைப் பார்த்திருந்த குருகும் இருந்தது என்கிறாள். குருகு என்னும் சொல்லோடு இணைந்த உம்மையை ஒலிக்கும் முறையில் நடிப்பவர் ஒரு முடிவெடுத்தே தீரவேண்டும். சான்று ஒன்று உண்டு என்னும் ஆறுதல் குரலா, மீன்மேல் மட்டுமே கருத்தூன்றிய பறவையே சான்று என்னும் கையறுநிலைக் குரலா? உம்மையின் பொருளை இலக்கண வகைபாடாக மட்டும் கற்றவர், இங்கு அதனை ஓர் உள்ளத்தின் நிலையாக அறிகிறார்.

ஏடு படியெடுத்தலும் பாவனைச் சூழலும்

பாடவேறுபாடுகள் மாணவருக்கு அடிக்குறிப்புகளாகவே அறிமுகமாகின்றன. அவை தோன்றிய விதத்தைக் காட்டப் பாவனைச் சூழல் பெரிதும் உதவும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒத்த வடிவின. எனவே ‘கொடு’ என இன்று நாம் எழுதுவது, ஏட்டில் கொடு, கோடு, கெரடு எனப் பலவாறு படிக்க இடந்தரும்.

பயிற்சி வருமாறு: முன்பு படித்தறியாத செய்யுளொன்றை ஏட்டு மரபில் எழுதி ஒருவரிடம் தருதல் வேண்டும். அதிலிருந்து இரு கிளைகளாகப் படிகள் பெருகும். ஒரு கிளையில் பார்த்து எழுதுவர்; மற்றதில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்டு எழுதுவர். மூன்று தலைமுறைக்குப்பின், மூலத்தைக் காணாத ஒரு குழு, எஞ்சிய படிகளை மட்டும் கொண்டு செய்யுளைப் பதிப்பிக்க வேண்டும். பார்த்து எழுதிய கிளையில் வடிவ ஒப்புமைப் பிழைகளும், கேட்டு எழுதிய கிளையில் லகர, ளகர, ழகர மயக்கமும் ரகர, றகர மயக்கமும் எதிர்பார்க்கத்தக்கவை. பொருள் விளங்காத அரிய சொல்லை எளிய சொல்லாக மாற்றி எழுதும் இயல்பும் வெளிப்படக்கூடும்.

இதன்பின் பதிப்பாசிரியர் பணி வெறும் அச்சேற்றும் பணியாகத் தோன்றாது. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1937இல் குறுந்தொகையையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், சொல்தோறும் முடிவெடுக்கும் இத்தகைய சுமையைச் சுமந்தவர் என்பதை மாணவர் தம் அனுபவத்தின் வழியே உணர்வர்.

சான்றுக்குத் திரும்புதலும் எல்லைகளும்

நிகழ்வு முடிந்தவுடன் கைதட்டலோடு வகுப்பு கலைந்துவிடின், எஞ்சுவது மகிழ்ச்சி மட்டுமே. நடித்த நேரத்தினும் கூடுதலான நேரம் உரையாடலுக்கு ஒதுக்கப்பட வேண்டும். ‘அவ்வாறு பேசியதற்குப் பாடலில் உள்ள சொல் யாது?’ என்பதே அவ்வுரையாடலின் முதல் வினா. சொல்லைச் சுட்ட இயலாத விளக்கம் நடிப்பவரின் கற்பனை எனக் குறிக்கப்பட வேண்டும். இல்லையேல், இக்கால உணர்வுகளைப் பழம்பாடலில் ஏற்றும் பிழையையே இம்முறை வளர்க்கும்.

பாத்திரத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிடுதலும் ஆகாது. 1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சிம்பார்டோ நடத்திய சிறைச்சாலைப் பாவனை இரு வாரங்களுக்குத் திட்டமிடப்பட்டு ஆறு நாள்களில் நிறுத்தப்பட்டது. அதன் முடிவுகள் குறித்து இன்றும் விவாதம் தொடரினும், பங்கேற்றவர்க்கு நேர்ந்த மனத்துயர் ஐயத்திற்கு இடமற்றது. வகுப்பறையிலும் பரத்தை, இழிவுக்குள்ளாக்கப்பட்டோர் போன்ற பாத்திரங்களை ஒரு மாணவர்மீது சுமத்துவது, வகுப்பு முடிந்த பின்னும் கேலியாக அவரைத் தொடரக்கூடும். மறுக்கும் உரிமை, பாத்திரங்களைச் சுழற்சி முறையில் மாற்றுதல், நடிக்க விரும்பாதவர்க்குக் காட்சிக் குறிப்பு எழுதும் பணி ஆகியன முன்கூட்டியே உறுதி செய்யப்பட வேண்டும். நடிப்புத்திறனுக்கு மதிப்பெண் வழங்குதலும் தவிர்க்கத்தக்கது; மதிப்பிட வேண்டியது சான்று காட்டும் திறனையே.

முடிவுரை

அகப்பாடலின் கூற்றை உணர்தலும் சுவடியின் பாடத்தைத் தெரிதலும் முடிவெடுக்கும் செயல்கள் ஆதலின், அவற்றைக் கற்பிக்கப் பாத்திரமேற்றலும் பாவனைச் சூழலும் பொருத்தமான முறைகளாகின்றன. தொல்காப்பியம் வகுத்த உறுப்புகளே பாத்திரமேற்றலுக்குரிய சட்டகத்தை வழங்குகின்றன. மாணவர் நடித்த பின் நூலைத் திறந்து, தாம் கூறியதற்குரிய சொல்லைத் தேடும் பொழுதே கற்றல் நிகழ்கிறது. அதற்கு இடமளிக்குமாறு பாடவேளையையும் மதிப்பீட்டு முறையையும் திட்டமிடுதல் தமிழ்த்துறைகளின் பொறுப்பாகும்.